சொந்த வீட்டில் முதல் ஹாலோவீன்: தெருவோடு சேர்ந்து எப்படிக் கொண்டாடுவது?

மஞ்சள்காடு (நேப்பர்வில், இல்லினாய்) | அக்டோபர் 12, 2025

வணக்கம் மக்களே. இத்தனை வருஷம் அபார்ட்மெண்ட் வாசம். ஹாலோவீன் என்றால் பையனுக்கு ஒரு வேஷ உடுப்பு, கணவரின் ஆபீஸில் ஒரு மணி நேரம் சுற்றல், அதோடு முடிந்தது. ஜூன் மாதம் இந்த வீட்டுக்குக் குடிவந்தோம். முட்டுச்சந்து, மொத்தமே பதினொரு வீடு. எதிர்வீட்டுக்காரர் செப்டம்பர் கடைசியிலேயே 12 அடி எலும்புக்கூட்டை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டுப் புல்வெளி முழுக்கக் கல்லறைக் கற்கள். நடுவில் எங்கள் வீடு மட்டும் மொட்டையாக நிற்கிறது.

இந்த வருஷம் ஹாலோவீன், அக்டோபர் 31ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறும் சேர்ந்து வருகிறது. ஈரோட்டிலிருந்து என் மாமியாரும் வந்திருக்கிறார்கள். பையனுக்கு ஏழு வயது, பெண்ணுக்கு மூன்று.

அன்று வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக வருகிற பிள்ளைகளுக்கு மிட்டாய் எவ்வளவு வாங்குவது? தீபாவளி 20ஆம் தேதி; அதற்குக் கட்டுகிற சீரியல் விளக்கைக் கழற்றிவிட்டு இதற்கு வேறு கட்ட வேண்டுமா? அப்புறம், இதுதான் முக்கியம்: இந்தத் தெருவில் யாரோடும் இதுவரை ஒரு 'ஹாய்' தாண்டிப் பேசியதில்லை. இதைச் சாக்காக வைத்துப் பழக முடியுமா?

---

எடிசன் மாமா (நியூ ஜெர்சி) | அக்டோபர் 12

விளக்கைக் கழற்றாதீர்கள் அம்மா. எரிகிற வீட்டுக்குத்தான் பிள்ளைகள் வருவார்கள். வாசல் விளக்கு அணைந்திருந்தால் "இங்கே வராதே" என்று அர்த்தம். மிட்டாய் தீர்ந்துபோனால் விளக்கை அணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

எவ்வளவு வாங்குவது என்று இங்கே கேட்பதைவிட அந்த எலும்புக்கூட்டுக்காரரிடம் கேளுங்கள். போன வருஷம் எத்தனை பேர் வந்தார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கேள்வியே உங்களுக்கு முதல் பேச்சு. ஒரு பிள்ளைக்கு இரண்டு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விலைதான் கையைச் சுடும். போன டிசம்பரில் கோகோ ஒரு டன் 12,000 டாலரைத் தாண்டியது. பிறகு அது இறங்கியும் சாக்லேட் பையின் விலை இறங்குகிற வழியாக இல்லை.

ஹாலோவீன் என்றால் எனக்கு 2012தான் ஞாபகம். அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் அடித்து நியூ ஜெர்சி கடற்கரையைப் புரட்டிப் போட்டது. தெருவெல்லாம் சாய்ந்த மரமும் அறுந்த கம்பியும். கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி உத்தரவு போட்டு ஹாலோவீனையே நவம்பர் 5க்குத் தள்ளிவைத்தார். அமெரிக்காவில் பண்டிகைக்கு அரசாணை வந்து அப்போதுதான் பார்த்தேன். அன்றும் எங்கள் பக்கம் பாதி வீடுகளில் கரண்ட் இல்லை. பிள்ளைகள் டார்ச்சோடு வந்து கதவைத் தட்டினார்கள்.

---

சைவப்பூனை (ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா) | அக்டோபர் 13

மஞ்சள்காடு அக்கா, நீங்கள் சைவமா தெரியவில்லை. சைவமாக இருந்தால் பிள்ளைகள் வாங்கிவருகிற பையில் ஜெலட்டினைப் பார்க்க வேண்டும். மாடு, பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. ஸ்டார்பர்ஸ்ட், ஹரிபோ கரடி, மார்ஷ்மெல்லோ, கேண்டி கார்ன் இவற்றில் பொதுவாக உண்டு. ஸ்கிட்டில்ஸ், சவர் பேட்ச் கிட்ஸ், ஸ்வீடிஷ் ஃபிஷ் இவற்றில் கிடையாது. குட்டிப் பொட்டலத்தில் சில சமயம் விவரமே இருக்காது, பெரிய பையின் பின்பக்கத்தைப் படித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் வந்தவுடன் தரையில் கொட்டி, ஆகாததை அப்பா தன் ஆபீஸுக்குக் கொண்டுபோய்விடுவார். ஆபீஸில் அவருக்கு நல்ல பெயர்.

கொடுக்கிற பக்கம் இன்னொன்று. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் ஏராளம். ரீசஸும் ஸ்னிக்கர்ஸும் மட்டும் வைத்திருந்தால் அவர்கள் வெறுங்கையோடு போவார்கள். வாசலில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பூசணியை வைத்தால் "சாப்பிடாத பொருளும் எங்களிடம் உண்டு" என்று அர்த்தம். ஃபேர் என்ற உணவு ஒவ்வாமை அமைப்பு 2014லிருந்து இதை நாடு முழுக்கப் பரப்பியிருக்கிறது. பென்சில், ஸ்டிக்கர், இருட்டில் ஒளிரும் வளையல், இது போதும். வளையல் முதலில் தீர்ந்துவிடும், ஒவ்வாமை இல்லாத பிள்ளைகளும் அதைத்தான் கேட்பார்கள்.

வீட்டில் செய்ததை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். எள்ளுருண்டை, கடலை மிட்டாய் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். 2023லிருந்து எள்ளும் இங்கே முக்கிய ஒவ்வாமைப் பட்டியலில் ஒன்பதாவதாகச் சேர்ந்தாயிற்று.

---

தாமிரபரணி (அட்லான்டா) | அக்டோபர் 13

எல்லாரும் கோபித்தாலும் பரவாயில்லை, கேட்டுவிடுகிறேன். நமக்கு எதற்கு இந்தப் பேய்ப் பண்டிகை? தீபாவளி அன்று லீவு கேட்டால் மேனேஜர் முகத்தைச் சுளிக்கிறார். என் மகளுக்கு நரகாசுரன் யார் என்று தெரியாது, டிராகுலா யார் என்று தெரியும். ரத்தம் வடிகிற கையைப் புல்லில் நட்டுவைப்பதில் என்ன மங்களம் இருக்கிறது?

---

கடற்கரைக்காரன் (ஹூஸ்டன்) | அக்டோபர் 14

தாமிரபரணி அண்ணாச்சி, உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. எங்கள் குமரி மாவட்டத்தில் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஒரு வாரம் முன்னாலேயே புல் செதுக்கி, கல்லறைக்கு வெள்ளையடிப்போம். அன்று சாயங்காலம் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றி, தாத்தா, பாட்டி கல்லறை ஓரத்தில் குடும்பம் முழுக்க உட்கார்ந்திருப்போம். சாமியார் வந்து மந்திரித்துப் போவார். சின்ன வயதில் எனக்கு அது பயமாக இருந்ததே இல்லை, வடியும் மெழுகை உருட்டிப் பந்தாக்குவதுதான் வேலை. நவம்பர் 1 சகல புனிதர் திருநாள். அதற்கு முந்தின இரவுதான் இந்த ஹாலோவீன்.

அதற்கும் முன்னால் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்தில் அறுவடை முடிந்து குளிர் தொடங்குகிற சமயத்தில் சவ்வின் என்று ஒரு பண்டிகை. அன்று செத்தவர்கள் வந்துபோவார்கள் என்று நம்பிக்கை. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்கள். 1840களில் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கப்பலேறி இங்கே வந்தவர்களுக்குப் பூசணி கிடைத்தது. பெரியது, குடைவதும் சுலபம். ஆடி அமாவாசைக்கு முன்னோரை நினைக்கிற நமக்கு இது புரியாத விஷயமா?

ரத்தம் வடிகிற கை எனக்கும் பிடிக்காது. அது பண்டிகை இல்லை, கடைக்காரர்களின் வேலை.

---

தாமிரபரணி | அக்டோபர் 14

விளக்கம் நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் 12 அடி எலும்புக்கூட்டை யாருடைய முன்னோர் என்று கும்பிடுவது? நான் மிட்டாய் வாங்கி வைப்பேன், வருகிற பிள்ளையைத் திருப்பி அனுப்ப மாட்டேன். அலங்காரம் கிடையாது. இதுதான் என் எல்லை.

---

பனிக்குல்லா (மினியாபோலிஸ்) | அக்டோபர் 15

மஞ்சள்காடு கேட்ட முக்கியமான கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் நான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வீட்டுக்குள் இருந்துகொண்டு மணி அடிக்கும்போதெல்லாம் கதவைத் திறந்து மூடினால் பிள்ளைகள் முகம் மட்டும்தான் தெரியும். அப்பா அம்மாக்கள் நடைபாதையிலேயே போனைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். நீங்கள் பழக வேண்டியது அவர்களோடுதானே? அதனால் டிரைவ்வேயின் (கார் நிறுத்துகிற வாசல் பாதை) வாய்க்கு வந்துவிடுங்கள். மடக்கு நாற்காலி நாலைந்து போடுங்கள். கால் வைத்த சின்ன நெருப்புச் சட்டி ஒன்று. (உங்கள் ஊரில், உங்கள் வீட்டுச் சங்கத்தில் அதற்கு அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) ஸ்லோ குக்கரில் ஆப்பிள் சைடரை ஊற்றி, பட்டையும் கிராம்பும் போட்டு மதியமே மூட்டிவிடுங்கள். காகிதக் கோப்பைகளும் ஒரு கரண்டியும் பக்கத்தில். நெருப்பும் சூடான பானமும் கண்ணில் பட்டால் குளிரில் நிற்கிற எந்த அப்பனும் தாண்டிப் போக மாட்டான்.

தீபாவளிப் பலகாரம் மிச்சம் இருக்கும் அல்லவா, அதைப் பெரியவர்களுக்கு வையுங்கள். "இதில் கடலை மாவு, எள், நெய் இருக்கிறது" என்று ஒரு அட்டையில் எழுதி வைத்தால் போதும். எங்கள் தெருவில் பலருக்கு என் பெயர் வாயில் நுழையாது, முறுக்கு வீடு என்றால் தெரியும்.

முன்னோட்டமாக ஒன்று செய்யலாம். இந்த மாத நடுவில் ஒரு கூடையில் மிட்டாயும் சின்னப் பொம்மையும் போட்டு, இருட்டின பிறகு பையனை அனுப்பி, பிள்ளைகள் இருக்கிற பக்கத்து வீட்டு வாசலில் வைத்து மணியை அடித்துவிட்டு ஓடிவரச் சொல்லுங்கள். 'யூ ஹாவ் பீன் பூட்' (உங்களுக்குப் பேய் காட்டியாயிற்று) என்று அச்சடித்த தாள் இணையத்தில் கிடைக்கும், கூடையில் செருகிவிட வேண்டும். வாங்கினவர்கள் அதைக் கதவில் ஒட்டிவிட்டு அடுத்த இரண்டு வீட்டுக்குச் செய்வார்கள். ஓடி ஒளிவதில் பையனுக்கு இருக்கிற சந்தோஷம் மிட்டாயில் இருக்காது.

குளிரை மறந்துவிடாதீர்கள். 1991இல் இங்கே ஹாலோவீன் அன்று ஆரம்பித்த பனி நவம்பர் 3 வரை கொட்டி 28.4 அங்குலம் சேர்ந்தது. அன்று பையோடு சுற்றிய பிள்ளைகள் இன்றைக்கு அப்பா, அம்மாவாகி அதே கதையை ஒவ்வொரு வருஷமும் சொல்கிறார்கள். உங்கள் சிகாகோ பக்கமும் சளைத்ததில்லை, 2019இல் ஓஹேர் விமான நிலையத்தில் ஹாலோவீன் அன்று 3.4 அங்குலம். வேஷ உடுப்பை ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள், உள்ளே ஸ்வெட்டர் போடலாம். மேலே ஜாக்கெட் போடச் சொன்னால் அழுகைதான்.

எங்கள் ஊருக்கு வடக்கே அனோகா என்று ஒரு சிற்றூர், உலக ஹாலோவீன் தலைநகர் என்று பலகை மாட்டியிருக்கும். அந்த இரவில் பையன்கள் மாட்டை அவிழ்த்துத் தெருவில் விடுகிற அட்டகாசம் தாங்காமல், 1920இல் ஊர்ப் பெரியவர்கள் ஊர்வலம் நடத்தித் தீனி கொடுத்து அடக்கினார்களாம். ஊர்வலம் இன்றும் நடக்கிறது.

---

மார்க்கம் மச்சான் (ஒன்ராறியோ, கனடா) | அக்டோபர் 16

பனிக்குல்லா சொன்னது முற்றிலும் சரி. எங்கட தெருவில் பாதி எங்கட சனம், மீதி சீனரும் பஞ்சாபியரும். வருஷம் முழுக்கக் கராஜ் கதவு திறக்கும், கார் உள்ளே போகும், கதவு மூடும், அவ்வளவுதான். அந்த ஒரு பின்னேரம் மட்டும்தான் எல்லாரும் வெளியே நின்று கதைப்பது. பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி, வாய்ப்பன், ரோல்ஸ். ரோல்ஸ் வாங்குவதற்கென்றே ஒரு பொலிஸ்காரர் குடும்பத்தோடு வருகிறவர்.

நான் சின்னப் பிள்ளையாக ஸ்கார்பரோவுக்கு வந்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் யுனிசெஃப் (ஐ.நா. குழந்தைகள் நிதியம்) செம்மஞ்சள் பெட்டி தருவார்கள். கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மிட்டாயோடு சில்லறையும் சேர்ப்போம். 2006இல் அதை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கிலுகிலு சத்தம் இல்லாமல் எனக்கு ஹாலோவீன் ஒரு மாதிரித்தான்.

---

ஃப்ரிஸ்கோ ஃபில்டர்காபி (டெக்சாஸ்) | அக்டோபர் 21

தீபாவளி வாழ்த்துகள் எல்லாருக்கும், ஒரு நாள் தாமதம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் "மிட்டாயில் ஊசி, விஷம், பிரித்துப் பாருங்கள்" என்று செய்தி சுற்ற ஆரம்பித்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் பல பத்தாண்டுகளாக இந்தப் பயத்தைத் துருவிவருகிறார். முன்பின் தெரியாதவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு பிள்ளை செத்ததாக நிரூபணமான சம்பவம் ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. எங்கள் டெக்சாஸில் 1974இல் ஒரு சிறுவன் சயனைடு கலந்த மிட்டாயால் இறந்தது உண்மை. ஆனால் அதைக் கொடுத்தது காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட சொந்த அப்பா.

நிஜமான ஆபத்து கார். 1975 முதல் 2016 வரையான அமெரிக்க விபத்துக் கணக்கைப் பார்த்த ஆய்வில், ஹாலோவீன் சாயங்காலம் நடந்துபோகிறவர்கள் சாவது அதே பருவத்து மற்றச் சாயங்காலங்களைவிட 43 சதவீதம் அதிகம். கறுப்பு உடுப்பு, இருட்டு, முகமூடிக்குள் கண் தெரியாத பிள்ளை, தெருவைக் குறுக்கே ஓடிக் கடப்பது. முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். முகமூடிக்குப் பதில் முகத்தில் சாயம் பூசுங்கள். தெருவின் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போகச் சொல்லுங்கள்.

---

மஞ்சள்காடு | அக்டோபர் 28

எல்லாருக்கும் நன்றி. எலும்புக்கூட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன். போன வருஷம் எண்பது பேருக்கு மேல் வந்தார்களாம், பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் சேர்த்து. கூடையை வைத்துவிட்டு ஓடிய பையன் புதர் பின்னால் செருப்பை விட்டுவிட்டு வந்துவிட்டான். மறுநாள் செருப்பு எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்தது, உள்ளே இரண்டு சாக்லேட்டோடு.

பூசணியில் முகம் செதுக்குவதைப் பார்த்து அத்தை ஏதாவது சொல்வார்களோ என்று பயந்தேன். ஆச்சரியமே படவில்லை. "புது வீட்டுக்குத் திருஷ்டிப் பூசணி வைக்கிறது வழக்கம்தானே, இங்கேயும் தெரிஞ்சு வெச்சிருக்காங்க" என்றார்கள். சிரித்த முகம் சரியில்லையாம், கண்ணு படுறது போகணும்னா நாக்கு வெளியே தொங்க வேண்டுமாம். கறுப்பு மார்க்கரில் முறுக்கு மீசை வரைந்தது அவர்கள்தான். எப்போது வெளியே வைக்கலாம்? அணில் தொல்லை இருக்கிறது.

---

பனிக்குல்லா | அக்டோபர் 28

மீசைப் பூசணியின் படத்தைப் போடாமல் போனீர்களே! செதுக்கியாயிற்று என்றால் இரவெல்லாம் ஃப்ரிட்ஜிலோ கராஜிலோ குளிர்ச்சியாக வைத்து, வெள்ளி மதியம் வெளியே வையுங்கள். உள்பக்கத்தை நன்றாகச் சுரண்டிவிட வேண்டும், ஈரச்சதை இருந்தால் பூஞ்சணம் பிடித்துக்கொள்ளும். உள்ளே நிஜ மெழுகுவர்த்தி வேண்டாம், பேட்டரி விளக்கு போதும். கவுன் போட்ட குட்டிகள் அதன் மேலேயே சாய்வார்கள்.

விதையைக் கழுவி ஒரு துணியில் உலர்த்தி, உப்பு, மிளகாய்த்தூள், துளி எண்ணெயோடு அவனில் பொன்னிறமாக வறுத்தால் டிரைவ்வேயில் கொறிக்க ஆகும்.

---

மஞ்சள்காடு | நவம்பர் 2

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்ததில் எங்கள் வீட்டுச் சின்னது ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். அதனால் விடியற்காலையில் உங்களுக்கு விவரம் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குச் சூரியன் இறங்குவதற்கு முன்பே குட்டிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் 'கே-பாப் டீமன் ஹண்டர்ஸ்' படத்தில் வருகிற கொரியப் பாட்டுக்காரிப் பெண்களின் வேஷம்தான், ஊதா ஜடை ஊதா ஜடையாக. பெரிய பையன்கள் நெஞ்சில் 6, 7 என்று எழுதிக்கொண்டு கத்திக்கொண்டு திரிந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை.

மிட்டாய்ப் பாத்திரம் அத்தை கையில். பட்டுப்புடவை, மேலே கணவரின் குளிர்கால ஜாக்கெட், தலையில் மங்கி குல்லா. ஒரு நாலு வயதுப் பெண் அண்ணாந்து பார்த்து, "நீ என்ன வேஷம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டது. நான் மொழிபெயர்த்ததும் அத்தை, "பாட்டி" என்றார்கள். அந்தக் குழந்தை ஒத்துக்கொண்டு போய்விட்டது.

ஆளுக்கு இரண்டு என்று நான் சொன்னதெல்லாம் காற்றோடு போச்சு. "ரேஷன் கடையா நடத்துறே? வாசலுக்கு வந்த குழந்தைக்குக் கை நிறையக் கொடுக்கணும்" என்று அள்ளி அள்ளிப் போட்டார்கள். ஆறரைக்குப் பாத்திரம் காலி. கணவர் கடைக்கு ஓடினால் அங்கே கிறிஸ்துமஸ் சாமான் அடுக்கிக்கொண்டிருக்கிறார்களாம். விளக்கை அணைக்கலாமா என்று யோசிப்பதற்குள் எலும்புக்கூட்டுக்காரர் தன் பையில் பாதியைக் கொண்டுவந்து அத்தையின் பாத்திரத்தில் கொட்டிவிட்டு, அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி இறந்து மூன்று வருஷமாம், அந்த எலும்புக்கூடு அவர்கள் இருவரும் சேர்ந்து வாங்கியது. எட்டு மணி வரை எழுந்திருக்கவில்லை. அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. தட்டை ஒரு டப்பா முழுக்கத் தீர்ந்தது.

கோடி வீட்டு அம்மா தன் டிரைவ்வேயில் ஒரு பெட்டி வைத்து டின் உணவு சேர்த்தார். நவம்பர் 1லிருந்து ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தருகிற ஸ்நாப் உணவு உதவிப் பணம் நின்றுபோவதால் பக்கத்து உணவு வங்கிக்குக் கொடுப்பதற்காம். நாங்கள் பருப்பும் அரிசியும் கொடுத்தோம். நேற்று அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்க நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போனோம்.

---

தாமிரபரணி | நவம்பர் 2

அத்தை சொன்னதுதான் சரி, ஆளுக்கு இரண்டு என்பது என்ன கணக்கு? நானும் அப்படித்தான் கொடுத்தேன். அலங்காரம் கிடையாது என்பதில் மட்டும் மாற்றமில்லை. (மகள் என்னைக் கேட்காமல் கதவில் ஒரு சிலந்தியை ஒட்டிவிட்டாள். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

---

மார்க்கம் மச்சான் | நவம்பர் 2

எங்கட தெருவில் பிள்ளைகள் எல்லாரும் ப்ளூ ஜேஸ் (டொராண்டோ பேஸ்பால் அணி) சட்டையில்தான். 1993க்குப் பிறகு இப்பதான் உலகத் தொடர் இறுதி, அதுவும் ஹாலோவீன் அன்று டொராண்டோவிலேயே ஆறாவது ஆட்டம். எட்டு மணிக்கு ஆட்டம் தொடங்குவதால் ஏழரைக்கே தெரு காலி. நாங்கள் கராஜுக்குள் பெரிய டிவியை இழுத்துவைத்து, பத்துப் பதினைந்து பேர் நாற்காலி போட்டுப் பார்த்தோம். கடைசி இன்னிங்ஸில் பந்து மதில் அடியில் போய்ச் சிக்கினபோது சீனத் தாத்தா எழும்பி நின்று கத்தினது இன்னும் காதுக்குள் இருக்கு. நேற்றைய ஏழாவது ஆட்டத்தைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது.

---

சைவப்பூனை | நவம்பர் 3

அக்கா, செதுக்கின பூசணியைச் சாம்பாரில் போட்டுவிடாதீர்கள், அது நாரும் தண்ணீரும்தான், வெளியில் கிடந்தும் இருக்கிறது. கூட்டுக்கு 'பை பம்ப்கின்' என்று விற்கிற சின்னதை வாங்குங்கள், இந்த வாரம் பாதி விலைக்குப் போடுவார்கள். உங்கள் இல்லினாயில் பல ஊர்களில் பழைய பூசணியை உடைத்து உரத்துக்குச் சேர்க்கிற நாள் ஒன்று வைப்பார்கள், நகராட்சிப் பக்கத்தில் பாருங்கள்.

---

மஞ்சள்காடு | நவம்பர் 3

பார்த்துவிட்டேன், வருகிற சனிக்கிழமை இருக்கிறது. ஆனால் திருஷ்டிப் பூசணியை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகக் கூடாது, முச்சந்தியில்தான் உடைக்க வேண்டும் என்று அத்தை ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். வீட்டுச் சங்கத்துக்கு என்ன பதில் சொல்வது என்று யாராவது யோசனை சொல்லுங்கள்.

---

எடிசன் மாமா | நவம்பர் 3

தார்ப்பாய் விரித்து அதன் மேல் உடைக்கச் சொல்லுங்கள். துண்டுகளைத் தார்ப்பாயோடு சுருட்டி உரத்துக்குக் கொண்டுபோகலாம். எலும்புக்கூட்டுக்காரரையும் கூப்பிடுங்கள், வருவார்.